இங்கிலாந்தின் ஈம் கிராமத்தில் ஆகஸ்ட்

ஆகஸ்ட் 19
ஆஸ்பத்திரி வார்டில் இன்றும் யாரையும் விடவில்லை. பையை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். ரசம் எதற்கு என்று மாப்பிள்ளைக்குக் கோபம்.

ஆகஸ்ட் 20
வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தேவாலயம் வரை நடந்தேன். சுவரில் 1775-ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரம், வெயில்தான் இல்லை. அதைத் தாண்டினால் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கற்சிலுவை, தண்டில் ஒரு துண்டு காணோம். பக்கத்தில் கேத்தரின் மாம்பெசன் கல்லறை. பாதிரியார் மனைவி. பிளேக் வந்தபோது பிள்ளைகளை வெளியூர் அனுப்பிவிட்டு, தான் மட்டும் கணவனோடு தங்கிவிட்டவள்.

அடுத்தாற்போல் பிளேக் வீடுகள். 1665-இல் லண்டனிலிருந்து துணி வந்தது. ஈரமாக இருக்கிறதென்று அடுப்போரம் விரித்தாராம் விக்கர்ஸ் என்ற தையற்காரர். தெள்ளுப்பூச்சி அதில்தான் வந்ததென்பார்கள். செப்டம்பரில் அவர்தான் முதல் சாவு. மறு வருஷம், நோய் வெளியே பரவாதிருக்க ஊரே எல்லை தாண்டாமல் தன்னை அடைத்துக்கொண்டது. யார் யார் செத்தார்கள் என்று வாசலில் பலகை. உள்ளே இப்போதும் குடித்தனம் இருக்கிறது. எனக்கானால் தூக்கம் வராது.

ஆகஸ்ட் 21
ரைலி கல்லறைகள். மேய்ச்சல் நிலத்து நடுவே சின்னக் கல் வளையம், அவ்வளவுதான். எலிசபெத் ஹான்காக் 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்த இடம். தொட ஆளில்லை, அவரவர் பிணத்தை அவரவரே புதைக்க வேண்டும் என்பது ஊர்க்கட்டு. குழி யார் வெட்டியது? அவளேதானா? கடைசிப் பிள்ளைக்கு வெட்டும்போது கையில் என்ன பலம் இருந்திருக்கும்? ராத்திரி முழுக்க இதே நினைப்பு.

ஆகஸ்ட் 22
போன் இல்லை.

ஆகஸ்ட் 23
பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டன் போகும் வழியில் எல்லைக்கல். நோய் தொற்றாதிருக்க அதன் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசு போடுவார்களாம். வெளியூரார் சாமானை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். விரல் விட்டுப் பார்த்தேன், மழைத்தண்ணீர்.

எங்கு திரும்பினாலும், ஊரை அடைக்கச் சொன்ன பாதிரியார் மாம்பெசன் புகழ்தான். அவர் ஊருக்குப் புதுசு. பதவி போன பழைய பாதிரியார் ஸ்டான்லி அவருக்குத் துணை நிற்காவிட்டால் ஒருவரும் கட்டுப்பட்டிருக்க மாட்டார்கள். அவரைக் கேட்பாரில்லை.

பை இன்றும் வாசலில்தான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு
கேத்தரின் இறந்த தேதி. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு பள்ளத்தாக்கில் நினைவு வழிபாடு நடத்துவது வழக்கம். கோயிலைப் பூட்டிவிட்டு அந்த வருஷம் அங்கேதான் ஜெபித்தார்கள். நான் போகவில்லை. அங்கே சிக்னல் கிடைக்காவிட்டால்?

ஐந்து மணிக்கு மாப்பிள்ளை. “மாமா, நாளைக்கு ஒருத்தரை மட்டும் விடுவாங்களாம்.”

யாரை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26
லீவு நாள், பஸ் குறைவு. எட்டரைக்கு ஒன்று இருக்கிறதாம். சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும்.