டீ வடிகட்டியும் யோவான் 12-உம்

“நீங்கள் மார்த்தாளா, மரியாளா?”

நேற்று இரவு எங்கள் பெண்கள் வேதபாடக் குழுவில் நான் கேட்ட கேள்வி. சிங்கப்பூர் தெம்பினிஸில் ஓர் அக்கா வீடு. பாய் விரித்து ஏழு பேர். லூக்கா 10-க்கு மூன்று நாள் தயாரித்திருந்தேன்: வீட்டுக்கு வந்த இயேசுவின் பாதத்தருகே மரியாள் உட்கார்ந்து கேட்க, தன்னைத் தனியே வேலை செய்ய விட்டுவிட்டாள் என்று சகோதரி மார்த்தாள் முறையிட்டு, அவரிடம் கண்டிப்பு வாங்கிய பகுதி.

“மார்த்தாள்தான் சிஸ்டர்” என்று கடமைக்குச் சிரித்தார்கள்.

வீட்டுக்கார அக்கா மட்டும் அடுப்படி வாசலில், கையில் டீ வடிகட்டியோடு.

“யோவான் 12:2 பாத்தீங்களா சிஸ்டர்?”

பார்க்கவில்லை.

அவருடைய வேதாகமம் ஃப்ரிட்ஜ் மேல் திறந்தே கிடந்தது. பக்க ஓரத்தில் மஞ்சள் படிந்த ஒரு கட்டைவிரல் தடம். எடுத்து வாசித்தார்: “மார்த்தாள் பணிவிடைசெய்தாள்.”

கண்டிப்பு வாங்கிய பிறகும் அதே மார்த்தாள், அதே வேலை. ஆனால் இந்த முறை முறையீடு எதுவும் எழுதப்படவில்லை. அதற்கு முந்தைய அதிகாரத்தில், சகோதரன் லாசரு இறந்து நான்காம் நாள், துக்கத்துக்கு நடுவே இயேசுவிடம் “நீர் கிறிஸ்து” என்று அறிக்கையிட்டவளும் இவள்தான். சீடன் பேதுரு அதைச் சொன்னால் கொண்டாடுகிறோம். இவளை லூக்காவிலேயே நிறுத்தி வைத்துவிட்டோம். நானும்தான்.

இரண்டு வருடமாக அவர் வீட்டில்தான் கூடுகிறோம். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதும் தெரியாது, பாருங்கள்.

குறிப்புத்தாளை மடித்துவிட்டு, “நீங்களே சொல்லுங்கக்கா” என்றேன்.

முதலில் எல்லாருக்கும் டீயைக் கொடுத்து முடித்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

ஒன்பதரைக்கு முடிக்க வேண்டியது. கடைசி ரயிலுக்கு ஓடினோம்.