போர்வை ஏறி இறங்கும் ஒரு நிமிஷம்

ராத்திரி ரவுண்டில் நான் யாருடைய மணிக்கட்டையாவது பிடித்துக்கொண்டு நின்றால், பல்ஸ் பார்க்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பல்ஸை அதற்குள் எண்ணி முடித்திருப்பேன். விரலை எடுக்காமல், ஓரக்கண்ணால் போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "இப்போ மூச்சை எண்ணப்போறேன்" என்று சொல்லிவிட்டால் போச்சு, யாருக்கும் மூச்சு இயல்பாக வராது. (இதைப் படிக்கிற உங்களுக்கே இந்நேரம் கொஞ்சம் மாறியிருக்கும்.) நர்ஸிங் படிப்பில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பொய் இதுதான்.

பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை இருந்தால் கவலையில்லை. அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர்கள் உண்டு. அதைவிடக் குறுக்குவழி, எண்ணாமலே 20 என்று எழுதிவிடுவது. பிரஷருக்கு மெஷின் இருக்கிறது, ஆக்சிஜனுக்கு விரலில் மாட்டுகிற கிளிப் இருக்கிறது. எங்கள் மாதிரி சாதாரண வார்டில் மூச்சுக்கு மட்டும் ஒரு ஆள் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. வேலை நெருக்கினால் முதலில் அடிபடுவது அந்த 'சும்மா' தான்.

நானும் அப்படி எழுதியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். நிமோனியாவோடு வந்த ஒருத்தர், நடுத்தர வயசு. வாய் நிறையப் பேசுவார். அன்றைக்கு ராத்திரி அவ்வளவாகப் பேசவில்லை. தூக்கம் வருகிறது போல என்று விட்டுவிட்டேன். கிளிப்பில் 95 காட்டியது. மூச்சுக் கட்டத்தில் 20 போட்டுவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன். விடிகாலையில் இன்சார்ஜ் சிஸ்டர் வந்தார். சார்ட்டைத் திறக்கவே இல்லை, அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு எழுதியிருக்க?"

"இருபது, சிஸ்டர்."

"இப்ப எண்ணு."

34. எண்ணி முடிக்கிற வரைக்கும் இன்சார்ஜ் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அரை மணி நேரத்தில் அவரை ஐசியுவுக்கு மாற்றினார்கள். ஐந்தாம் நாள் வார்டுக்குத் திரும்பி வந்தவர், "ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் பார்த்துக்கிட்டீங்க சிஸ்டர்" என்று என்னைக் கும்பிட்டார். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு ஆள் பத்தவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த 20-ஐ எழுதினது நான்.

கூட இருக்கிறவர்கள் அடிக்கடி கேட்பார்கள்: "நீங்களும் கொஞ்சம் வேண்டிக்கங்க சிஸ்டர்." "சரிம்மா" என்பேன். வராண்டா திரும்புவதற்குள் மறந்துபோகும். சின்ன வயசில் படுக்கப்போகும் முன் வீட்டில் ஒருத்தர் பேர் விடாமல் சொல்லி வேண்டிக்கொள்கிறவள் நான். கடவுளோடு சண்டையெல்லாம் போடவில்லை. நைட் டூட்டி முடிந்து வந்தால் தலையணையில் தலை சாய்கிறதுதான் தெரியும். அப்படியே விட்டுப்போச்சு. 34-க்கு அப்புறம் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். வேண்டிக்கொள்ளச் சொன்னவர்களின் பெட்டில் முழு நிமிஷம் நிற்பது, பெருக்கல் கிடையாது. இது வேண்டுதலில் சேருமா, சேராதா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் சேராது என்று சொல்லிவிடுவார்களோ என்னவோ.

கடைசி நாட்களில் சிலருக்கு மூச்சு வேறு மாதிரி ஆகிவிடும். ஆழமாகிக்கொண்டே போய், அப்புறம் மெலிந்து, சுத்தமாக நின்று, திரும்பவும் தொடங்கும். 1818-இல் ஜான் செயின், 1854-இல் வில்லியம் ஸ்டோக்ஸ் என்று டப்ளினில் இருந்த இரண்டு டாக்டர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். இன்றைக்கும் அவர்கள் பேரில்தான் சொல்கிறோம். மூச்சு கால் நிமிஷம் நின்றே போகிறது என்று செயின் எழுதியிருக்கிறார். மானிட்டர் இல்லாத காலம். அந்தக் கால் நிமிஷமும் அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் ஒரு பாட்டி. மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலமே என்னிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னவர். மணிக்கட்டைப் பிடித்தேன். போர்வை ஏறியது, இறங்கியது, அப்படியே நின்றது. மகள் என் முகத்தையே பார்த்தார். நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு. என் மூச்சையும் நான் விடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பதினாலில் போர்வை அசைந்தது.

"வேண்டிக்கிட்டீங்களா சிஸ்டர்?"

"எண்ணிக்கிட்டு இருக்கேம்மா, கொஞ்சம் பொறுங்க."

ஒன்பது வந்தது. சார்ட்டில் 9 என்று எழுதி, பக்கத்திலேயே 'நடுவில் 14 விநாடி நின்றது' என்றும் எழுதினேன்.