கொள்ளிடம், ஆகஸ்ட் 2018

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. மேட்டூர் போன மாதமே 120 அடியைத் தொட்டுவிட்டதால் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அப்பாவைக் கூட்டிப்போகவில்லை. அதற்கு ஒரு கோபம்.

ஆகஸ்ட் 9
அப்பாவின் லேப் ரிப்போர்ட் வரவில்லை.

ஆகஸ்ட் 16
டிவி முழுக்க வாஜ்பாய். அப்பா கீழே ஓடும் எழுத்தை மட்டும் பார்க்கிறார், எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று. லட்சம் கன அடிக்கு மேல். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரியும்போது வெள்ளத்தை வாங்கிக்கொள்வது கொள்ளிடம்தானே, காவிரி இல்லையே. இருமல் அதிகம்.

ஆகஸ்ட் 17
கொள்ளிடத்தின் பழைய பாலத்துத் தூணில் விரிசல். யாரையும் விடுவதில்லை. 1928-ல் கட்டியது. 2016-ல் புதுப் பாலம் திறந்த பிறகும் அப்பா காலையில் அதில்தான் நடப்பார். பஸ் வராது, காற்று வரும் என்பார். அவரிடம் சொல்லக் கூடாது என்று முடிவு.

ஆகஸ்ட் 19
ராத்திரி இடிந்துவிட்டது. பேப்பரை ஒளித்து வைத்தேன். பால்காரர் வாசலில் நின்று கத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

"என்னம்மா, பாலம் போயிடுச்சாமே?"

அப்பா அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் ஆரம்பித்தவர் சாயங்காலம் வரை நிறுத்தவில்லை: தூணைச் சுற்றித் தண்ணீர் சுழித்து அடிமணலைத் தோண்டும், மேலே இருக்கிற இரும்பு என்ன செய்யும்? இத்தனை வருஷம் லாரி லாரியாக மணலை அள்ளினால் ஆறு எதன் மேல் பாலத்தை நிறுத்தும்? மணல் அள்ளியதுதான் காரணம் என்று தெருவிலும் பேசுகிறார்கள். சரி, என் கவலை வேறு. புதுப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. அதே ஆறு, அதே மணல். நான் தினமும் அக்கரையில் நம்பர் 1 டோல்கேட் போவது அதில்தான். ஆழமான அஸ்திவாரம், பயமில்லை என்கிறார்கள். இருக்கலாம். பஸ்ஸில் நடுப்பாலம் வந்ததும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன், பிடித்து என்ன ஆகப்போகிறது.

ஆகஸ்ட் 21
லேபில் "இன்னும் ரெண்டு நாள்" என்றார்கள். போன வாரமும் அதே ரெண்டு நாள்.

ஆகஸ்ட் 23
நேற்று ராத்திரி முக்கொம்பு மேலணையிலும் மதகுகள் போய்விட்டன. 1836-ல் ஆங்கிலேய இன்ஜினியர் ஆர்தர் காட்டன் கட்டிய இடம். சின்ன வயதில் பள்ளிக்கூட டூர் என்றாலே அங்கேதான். அப்பா சாப்பிடவில்லை. அதனாலா, இருமலாலா தெரியவில்லை.

ஆகஸ்ட் 24
முதல்வர் வந்து பார்த்தார். புதுக் கதவணை கட்டப்போகிறார்களாம், 410 கோடி. உடைந்த ஒன்பது மதகுக்கு இப்போதைக்கு மணல் மூட்டை.
"உடைஞ்சாதான் புதுசு வரும்" என்கிறார் அப்பா. பாலத்துக்காவது முன்னாடியே கட்டினார்களே என்றேன். பதில் இல்லை. இன்று பாதி இட்லி.

ஆகஸ்ட் 26
நாளை பத்து மணிக்கு ரிப்போர்ட் நிச்சயம் என்றார்கள். தம்பி சென்னையிலிருந்து ராக்ஃபோர்ட்டில் வருகிறான். பஸ்ஸில் வர வேண்டாம், ரயிலில் வா என்று அப்பாதான் போனில் சொன்னார். ரயிலுக்கு மட்டும் கொள்ளிடம் இல்லையா?