சித்தாலப்பாக்கத்தில் தவளைச் சத்தம் கேட்கப் போன கதை

புரட்டாசி முதல் வாரம், சனிக்கிழமை சாயங்காலம். இடியும் மழையுமாகக் கொட்டி ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவிடமிருந்து போன். "ஏம்மா, தவளை கத்துறது கேக்குதா? வரணும்னா இன்னிக்கே வா. நாளைக்கு இந்தக் கூட்டம் இருக்காது."

மயிலாப்பூரிலிருந்து சித்தாலப்பாக்கம் போவதை யாரும் பயணம் என்று சொல்ல மாட்டார்கள். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரி, அங்கிருந்து மேடவாக்கம் கூட்ரோடுக்கு ஷேர் ஆட்டோ, அப்புறம் பெரியப்பாவின் டிவிஎஸ் வண்டி. வழியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருட்டாகக் கிடந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் அது. ஆட்டோ சத்தத்தையும் மீறி அங்கிருந்தே தவளைகளின் இரைச்சல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

பெரியப்பா வீட்டுக்குப் பின்னால் முன்பு நெல் வயல். இப்போது கல் நட்டு மனை பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கு நடுவே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, டார்ச் அடித்தால் தண்ணீர் முழுக்க மஞ்சள். வருஷம் பூராவும் பழுப்பும் பச்சையுமாக வரப்பில் உட்கார்ந்திருக்கும் அதே பெரிய தவளைதான், நல்ல மழை விழுந்ததும் ஆண் தவளைகள் எலுமிச்சம்பழ நிறத்துக்கு மாறி, தொண்டைக்கு இரண்டு பக்கமும் நீலப் பைகளை ஊதி ஊதிக் கத்துகின்றன. பக்கத்தில் பெரியப்பா பேசியதே எனக்குக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே நின்றேன், கொசு கடித்ததுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

வரப்போரம் உருண்டையாக, கால் குட்டையாக ஒன்று இருந்தது. "இதான் நுணல். கோடை முழுக்க மண்ணுக்குள்ள கிடக்கும்" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன், நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான வெயிலைக்கூட இதன் முன்னோர்கள் மண்ணுக்கடியில் கிடந்துதான் கடந்திருக்கும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, ஈரத்தில் உட்கார்ந்து தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சில் ஒரு பங்கும் அந்தத் தோல் வழியாகத்தான். அதனால் உள்ளே இழுக்கும் அதே தோல் காற்று காய்ந்தால் ஈரத்தை வெளியே விட்டுவிடும். உடம்புக்கென்று தனிச் சூடும் கிடையாது. மண் எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு சுடும், சூடு ஏற ஏற உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பும் சீக்கிரம் கரையும். மழை வரும்வரை அது தாங்க வேண்டும்.

இதைச் சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: வெயில் ஊர்த் தவளைக்கு வெயில் பழகியிருக்காதா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நம்பிவிட முடியாது. பனியும் கோடையும் மாறி மாறி வரும் நாடுகளில் வாழும் தவளை குளிர், சூடு இரண்டையும் பார்த்துப் பழகியது. நம் பக்கத்துத் தவளை வருஷம் முழுக்க ஏறத்தாழ ஒரே சூட்டில் வாழ்ந்து வந்தது, தன்னால் தாங்க முடிந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே ஏற்கெனவே இருக்கலாம். அப்படியானால் இன்னும் சூடு ஏறினால் ஒதுங்க இடமில்லை. 2025-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு தவளை, தேரை போன்ற 5,203 நீர்நில வாழ்வி இனங்களைக் கணக்கில் எடுத்தது. நிழலில் ஈரத்தோடு இருந்தாலும்கூட 104 இனங்கள், அதாவது 2 சதவீதம், இப்போதே தாங்க முடியாத சூட்டைச் சந்திக்கின்றன, பூமி 4 டிகிரி சூடானால் அது 7.5 சதவீதமாகும் என்கிறது. மலைத் தவளைகளுக்கு வேறு கஷ்டம். மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உயரமான ஆனைமுடியின் உச்சிப் புல்வெளியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டித் தவளை உண்டு. சூடு ஏறினால் மற்றவை மேலே நகரலாம், இதற்கு மேலே மலையே இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பவும் போனேன். அந்த இடைவெளியில் ஒரு சொட்டு மழை இல்லை. பங்குனி வெயில் மாதிரி அடித்தது, ராத்திரியிலும் புழுக்கம். மனைக் கற்களுக்கு நடுவே இருந்த தண்ணீர் போய், சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளில் தலைப்பிரட்டைகள், கறுப்பு மிளகைக் கொட்டிக் காயவைத்த மாதிரி. சிலவற்றுக்குப் பின்னங்கால் துளிர்த்திருந்தது. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிகாவின் மாண்டிவெர்டே மலைக்காட்டில் பொன்னிறத் தேரை ஒன்று இருந்தது. 1987-இல் 1,500-க்கு மேல் இனப்பெருக்கக் குட்டைகளில் கூடியதாகப் பதிவு இருக்கிறது. அந்த வருஷம் குட்டைகள் வற்றி முட்டைகள் காய்ந்துபோயின. 1989-இல் ஒரே ஒரு ஆண் தேரை. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பூஞ்சை நோய்க்கும் அதில் பங்குண்டு என்பார்கள். நம் மஞ்சள் தவளை அப்படி அருகிப்போன இனம் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வெடித்த சேற்றைப் பார்த்தபோது மாண்டிவெர்டேதான் நினைவுக்கு வந்தது.

பெரியப்பா ஒன்றும் பேசாமல் வேலியோரம் நடந்தார். அங்கே பனை மரத்தடியில், முன்பு யாரோ மண் எடுத்த பள்ளத்தில் மட்டும் ஒரு சாண் தண்ணீர் மிச்சம் இருந்தது. கையை விட்டுப் பார்த்தார், "இது இன்னும் சுடல" என்றார். உள்ளே தலைப்பிரட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. மதிய வெயில் பள்ளத்தின் பாதியைத் தொட்டுவிட்டிருந்தது. காய்ந்து விழுந்த பனையோலைகளில் பெரியதாக இரண்டை இழுத்து வந்து, வெயில் விழும் பக்கமாகக் குறுக்கே போட்டார். நான் மூன்றாவது ஓலையைத் தேடிப் போனேன்.