சிறுநீரக மாற்றுக்குப் பின் வந்த உணவுக் கோளாறு: நான் மீண்டு வந்த வழி

மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவரிடம் எல்லோரும் கேட்பது கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு; ரத்தத்தில் அது குறைவாக இருந்தால் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று கொள்வார்கள்) எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்றுதான். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலும் உப்பைக் குறைத்தாயா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சாப்பிட உட்காரவே பயமாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அப்படித்தான் இருந்தது. என்னைப் போல வேறு யாராவது இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

டயாலிசிஸ் காலத்தில் தண்ணீரைக்கூட அளந்துதான் குடித்தேன். பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாதவற்றையெல்லாம் தவிர்க்க வேண்டும். வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு என்றால் பொட்டாசியம். பால், கொட்டை வகைகள் என்றால் பாஸ்பரஸ். ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பார்கள். கூடியிருந்தால் உடம்பில் நீர் தேங்கியிருக்கிறது, நான் கட்டுப்பாட்டை மீறிவிட்டேன் என்று அர்த்தம். எடை கூடுவதே குற்றம் என்ற எண்ணம் அங்கேயே மனதில் ஊறிப்போனது.

அப்புறம் அக்கா தன் சிறுநீரகத்தைக் கொடுத்தாள். பழைய தடைகளில் பெரும்பாலானவை நீங்கின. அதே சமயம், புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தது. அந்த ஸ்டீராய்டு தரும் பசியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வயிறு நிறைந்த பிறகும் அடங்காது. முகம் உருண்டையானது. பார்த்தவர்கள் "நல்லா தேறிட்டே" என்றார்கள். எனக்கு அது வசவாகவே கேட்டது. இரவில் யாருக்கும் தெரியாமல் அளவில்லாமல் சாப்பிடுவதும், மறுநாள் முழுக்கப் பட்டினி கிடப்பதும் வழக்கமாயிற்று. சில நாள் வாந்தியும் எடுத்தேன். அக்கா கொடுத்ததை நானே பாழாக்குகிறேன் என்ற நினைப்பு வேறு. அது வந்தால் இன்னும் கடுமையாகப் பட்டினி.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பத்தியமாகத்தான் தெரிந்தது. "ரொம்பக் கட்டுப்பாடா இருக்கீங்க" என்ற பாராட்டுகூட கிடைத்தது. கிரியாட்டினினும் நன்றாகவே வந்தது. அது தசையிலிருந்து வரும் பொருள். சரியாகச் சாப்பிடாமல் தசை கரைந்தால் சிறுநீரகத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டாலும் அந்த எண் குறையலாம். இதை எனக்குப் பிறகுதான் விளக்கினார்கள்.

டாக்ரோலிமஸ் என்பது எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் இன்னொரு மருந்து. ரத்தத்தில் அதன் அளவு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மாற்று சிகிச்சைப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் என்னைத் தனியாக உட்காரவைத்து, "மாத்திரை நேரத்துக்குப் போடறீங்களா?" என்று கேட்டார். "போடறேன் மேடம். ஆனா சாப்பாடு சரியா இல்ல" என்றேன். அவர் திட்டவில்லை. வாந்தியோடு மாத்திரையும் போகலாம், வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் கூடலாம், நீர் வற்றினால் முதலில் அடிபடுவது சிறுநீரகம் என்று நிதானமாகச் சொன்னார். எடைக்குப் பயந்து ஸ்டீராய்டை நானாக நிறுத்திவிடக் கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். திடீரென நிறுத்தினால் உறுப்பை உடல் நிராகரிக்கலாம், அதோடு உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிறுநீரக மருத்துவர், டயட்டீஷியன், உளவியலாளர் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதுதான் எனக்குப் பெரிய உதவி. தனித்தனியாகப் போயிருந்தால் ஒருவர் "கட்டுப்படுத்து" என்றும் இன்னொருவர் "கட்டுப்படுத்தாதே" என்றும் சொல்லியிருப்பார்கள். டயட்டீஷியன் என் விதிகளையெல்லாம் எழுதச் சொன்னார். பக்கம் நிரம்பிவிட்டது. ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, ஆரஞ்சு இனத்துப் பழம்) கூடாது, அது டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும், வேகாத இறைச்சி, பச்சை முட்டை, காய்ச்சாத பால் கூடாது, தொற்று வரும், உப்பு குறைவாக. இவை மருத்துவ விதிகள். மீதியில் பாதி டயாலிசிஸோடு காலாவதியானவை. மற்றவை பயத்தில் நானாகப் போட்டுக்கொண்டவை. எது மருந்துக்காக, எது பயத்துக்காக என்று அந்தத் தாளில் பார்த்தபோதுதான் மூச்சு விட முடிந்தது.

உளவியலாளர் கொடுத்த முதல் வேலை நேரத்துக்குச் சாப்பிடுவது. மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று சிற்றுணவு, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. பசிக்கிறதோ இல்லையோ, முந்தின இரவு என்ன நடந்திருந்தாலும் சரி. பட்டினி குறைந்ததும் இரவுச் சாப்பாடும் மெல்லக் குறைந்தது. பிறகு மருத்துவர் ஸ்டீராய்டு அளவைப் படிப்படியாகக் குறைத்தார், பசி தணிந்தது. பயம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

எடை பார்ப்பதைத் தவிர்க்க வழியில்லை. திடீரென்று கூடினால் நீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் எண்ணுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன், செவிலியர் குறித்துக்கொள்கிறார். கவலைப்படும்படி இருந்தால் மட்டும் சொல்வார்.

அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: தட்டைப் பார்க்காதே, முகத்தைப் பற்றிப் பேசாதே. இப்போது கூட உட்கார்ந்து வேறு ஏதாவது பேசிக்கொண்டே சாப்பிடுகிறாள்.

கெட்ட நாட்கள் இன்னும் வருகின்றன. அன்று அளவு மீறினாலும் அடுத்த வேளையை விடுவதில்லை. பரிசோதனைக்குப் போகும்போது ஒருங்கிணைப்பாளர் மாத்திரை பற்றிக் கேட்கும் அதே மூச்சில் சாப்பாட்டைப் பற்றியும் கேட்கிறார். நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.