இரண்டு தலைக்குளியலுக்கு நடுவே

2019 ஜனவரி கடைசியில், டொரொண்டோவில் குளிர் மைனஸ் 20-ஐத் தொட்ட வாரத்தில்தான் எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தேன். முதல் நாள் வேலைக்குத் தலைக்குக் குளிக்காமல் போவதா என்று நாலரைக்கே எழுந்து குளித்து, துண்டால் தட்டித் துவட்டி, நுனிமுடிச்சுப் போட்டுக்கொண்டு மார்க்கம் ரோடு 102 பஸ்ஸுக்கு நின்றேன். குல்லாவுக்கு வெளியே தோளில் கிடந்த முடி பத்து நிமிடத்தில் விறைத்துவிட்டது. தொட்டுப் பார்த்தால், எங்கள் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் கஞ்சி போட்டுக் காயவைத்த பாவு நூல்போல மொடமொடவென்று இருந்தது. இல்லத்துக்குள் நுழைந்ததும் அது உருகி, சீருடையின் முதுகெல்லாம் நனைந்தது.

இடுப்பு வரை நீண்ட அடர்ந்த முடி. டிரையர் போட்டால் முழுதாகக் காய 40 நிமிடம் ஆகும். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த இரைச்சல் மேலே தூங்கும் குழந்தைகளை எழுப்பிவிடும். ஹீட்டர் காற்று ஏற்கெனவே ஈரப்பசையை உறிஞ்சிவிட்டிருக்க, ஒன்றுவிட்டு ஒருநாள் ஷாம்பூவும் போட்டதில் உச்சந்தலை செதில் செதிலாக உரிந்தது. முடியை வெட்டிவிடு என்று சொல்லாதவர்கள் இல்லை. அம்மா எண்ணெய் தேய்த்து, சிடுக்கு எடுத்து வளர்த்த முடி. அதை ஒரு பஸ்ஸுக்காக வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை, வேலைக்குப் போகிற நாளில் விடிய முழுகாதேயும், தடிமன் பிடிக்கும்" என்றார். எங்கள் ஊரில் ஒருவரைத் தலைமுழுகுவது என்றால் உறவையே அறுத்துக்கொள்வது. அதனால் அந்தச் சொல் முதலில் திக்கென்றது. அவர்களுக்கு அது தலைக்குக் குளிப்பது மட்டுமே. ஆனால் குளிக்காமல் பிசுக்குத் தலையோடு நாலு பேருக்கு நடுவே நிற்பது எப்படி என்பதற்கு அக்காவிடமும் பதில் இல்லை.

பதில் வேலை செய்த இடத்திலேயே கிடைத்தது. டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் விதிப்படி நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் ஒவ்வொருவரையும் வாரத்துக்குக் குறைந்தது 2 முறை குளிப்பாட்ட வேண்டும். மற்ற நாட்களில் முகம், கை, கால் துடைத்துவிடுவோம். எழுந்திருக்க முடியாதவர்களுக்கு, அலசத் தேவையில்லாத ஷாம்பூ ஊறிய தொப்பி ஒன்று உண்டு. அதை வெதுவெதுப்பாக்கித் தலையில் மாட்டி, மெல்லப் பிசைந்து, கழற்றித் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். தோள்வரை வெண்முடி வளர்ந்திருந்த ஒரு பாட்டிக்கு முதன்முதலில் அப்படிச் செய்து சீவிவிட்டேன். கைக்கண்ணாடியை வாங்கி வகிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் என் கையை வெகுநேரம் விடவில்லை. தலையில் தண்ணீர் விட்டால்தான் சுத்தம் என்று நம்பி வளர்ந்தவள் நான். அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பிடிவாதம் தளர்ந்தது.

உடன் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்தான் தன் லாக்கரிலிருந்து உலர் ஷாம்பூ டப்பாவை எடுத்துக் காட்டினாள். அதில் இருப்பது பெரும்பாலும் அரிசி அல்லது சோள மாவுச்சத்து. வேர்க்காலில் ஊறும் எண்ணெயை அந்த மாவு உறிஞ்சிக்கொள்கிறது. சீவும்போது எண்ணெயோடு அதுவும் உதிர்ந்துவிடுகிறது. அம்மாவிடம் வீடியோவில் சொன்னபோது, "நாம் சீயக்காயில் வடிகஞ்சி விட்டுக் கரைக்கிறோமே, அந்த மாதிரியா கண்ணு?" என்று கேட்டார். இரண்டிலும் மாவுச்சத்துதான். ஒன்று ஈரம், மற்றது உலர்ந்தது.

கறுப்பு முடிக்கு இதைப் போடுவதில் பக்குவம் வேண்டும். காலையில் அவசரமாக அடித்துக்கொண்டு போனால் வகிடு நரைத்ததுபோல வெளுத்துத் தெரியும். அதனால் நான் முதல் நாள் இரவே போடுகிறேன். தோளில் பழைய துண்டு, டப்பாவை நன்றாகக் குலுக்கிக்கொண்டு, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வகிடு வகிடாகப் பிரித்து வேரில் மட்டும். இரண்டு நிமிடம் விட்டு, விரல் நுனியால் தேய்த்து, தலையைக் குனிந்து சீவ வேண்டும். மீதி மாவைத் தலையணை உறை வாங்கிக்கொள்ளும்.

வாசனை விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். பூ மணம் வீசும் டப்பாவை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மூச்சுத்திணறல் உள்ள ஒருவருக்கு அன்று இருமல் நிற்கவில்லை. அது என்னால்தானா என்று தெரியாது, ஆனாலும் எனக்கு இன்றும் உறுத்துகிறது. எங்கள் இல்லத்தில் வாசனைப் பொருட்களுக்கு அனுமதியில்லை என்பதை மேற்பார்வையாளர் பொறுமையாகச் சொன்னார். பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் மணமில்லாததையே வாங்குங்கள்.

இன்னொன்று. ஸ்பிரே டப்பாவில் மாவைத் தள்ளிக்கொண்டு வருவது பியூட்டேன், புரொப்பேன் போன்ற, தீப்பற்றும் வாயுக்கள். சாமி விளக்கு எரியும் அறையிலோ அடுப்பின் பக்கத்திலோ அடிக்கவே கூடாது. 2022 அக்டோபரில், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் என்ற ரசாயனம் கலந்திருக்கக்கூடும் என்று சில ஸ்பிரே வகைகளைக் கனடாவில் திரும்பப் பெற்றார்கள். அதன்பிறகு நான் தூளாகக் கொட்டும் வகைக்கு மாறிவிட்டேன். சமையலறைச் சோளமாவைக்கூடச் சிட்டிகை எடுத்து வகிட்டில் தடவியிருக்கிறேன். அதுவும் வேலை செய்கிறது.

இதை நம்பி வாரக்கணக்கில் குளிக்காமல் இருந்துவிட முடியாது. மாவு அழுக்கை எடுப்பதில்லை. அடுக்கடுக்காகச் சேர்ந்தால் வேர்க்கால் அடைபட்டு அரிப்பெடுக்கும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நான் போடுவதில்லை. செவ்வாய் மாலை வேலை முடிந்து வந்து தலைக்குக் குளிப்பேன், படுப்பதற்குள் முடி ஆறிவிடும். வியாழன் இரவு பொடி. மற்ற நாட்களில் மேலுக்கு மட்டும் குளியல்.

சனிக்கிழமை எண்ணெய். எண்ணெய் போகத் தலைக்குத் தேய்க்க, ஊரிலிருந்து கொண்டுவந்த அரப்பு இலைத் தூளை வடிகஞ்சியில் குழைத்துக்கொள்வேன். அது குழாயை அடைக்காமலிருக்கத் தொட்டியின் துளைமேல் சல்லடை வலை ஒன்றை வைத்திருக்கிறேன். குளித்து முடித்து ஜன்னல் வெயிலில் முடியை விரித்துப்போட்டு உட்கார்ந்தால், அது ஆறுவதற்கு மத்தியானம் ஆகிவிடும். அன்றைக்கு எனக்கு எந்தப் பஸ்ஸும் பிடிக்க வேண்டியதில்லை.