தண்ணீர்மலையில் ஐப்பசி மழை

மலேசியாவின் பினாங்குத் தீவில், முருகன் கோயில் கொண்ட தண்ணீர்மலைக்குத் தைப்பூசத்தன்று வருவோர் பலர். எனினும், அம்மலையின் இயற்கை எழிலை நிறைவாகக் கண்டு தொழ விரும்புவோர் ஐப்பசியில், கந்த சஷ்டி விரத நாட்களில் ஏற வேண்டும் என்பேன். உலகின் வடபகுதி நாடுகளில் இலைகள் நிறம் மாறி உதிரும் அதே காலம், நமக்கு மழையும் குளிர்காற்றும் சேர்ந்து வரும் கூதிர்ப் பருவம். குறிஞ்சி நிலத்திற்கு முருகனைத் தெய்வமாகவும் கூதிரைப் பெரும்பொழுதாகவும் நம் முன்னோர் வகுத்து வைத்தது கடல் கடந்த இத்தீவிலும் பொருந்தி நிற்பதைச் சென்ற சஷ்டியின்போது கண்ணாரக் கண்டேன்.

அடிவாரத்தில் விநாயகரை வணங்கி, 513 படிகளில் ஏறத் தொடங்கியபோது, இரவெல்லாம் பெய்த மழையின் ஈரம் இன்னும் உலரவில்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் பினாங்கில் மழை மிகுதி என்பதால், இருபுறமும் காடு அடர்ந்து, பாசியும் பெரணியும் கருங்கல் இடுக்குகளையெல்லாம் மூடியிருந்தன. ஆண்டு முழுவதும் பகற்பொழுதின் அளவு பெரிதாக மாறாத இத்தீவில் காடு ஒருசேர இலையுதிர்ப்பதில்லை. நாட்டு வாதுமை போன்ற சில மரங்கள் மட்டும் தம் இலைகளைச் செக்கச் செவேலெனப் பழுக்கவிட்டு உதிர்க்கும். அப்படி உதிர்ந்த இலையொன்று படியில் கிடந்தது. செவ்வேளின் நிறம் என்றே என் மனம் அதைக் கொண்டது. வட ஆசியாவின் குளிருக்கு அஞ்சி இங்கே வலசை வரும் தகைவிலான் குருவிகள் மலைச்சரிவின் மேலே வட்டமிட்டன. தொலைநாட்டு இலையுதிர் காலம் இங்கு இறகு முளைத்துத்தான் வந்து சேர்கிறது போலும்.

2012ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட மலைக்கோயிலில் பாலதண்டாயுதபாணிக்குப் பாலபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. 'அரோகரா' என்ற முழக்கத்தினூடே மீண்டும் தூறல் விழ, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனும் அதற்கப்பால் உள்ள கடலும் சற்று நேரம் மறைந்து, பின் துலங்கின. அந்த மழையையும் நான் அபிஷேகமாகவே எண்ணித் தொழுதேன்.

இறங்கியபின், 1884இல் அமைக்கப்பட்ட அருகிலுள்ள தாவரவியல் பூங்காவிற்கும் செல்லுங்கள். அங்கே நாகலிங்க மரங்கள் அடிமரத்திலேயே பூத்திருக்கும். மழைக்குப் பின் அவற்றின் மணம் நெடுந்தூரம் வீசும். ஐப்பசியில் மழை பெரும்பாலும் பிற்பகலில் வலுப்பதால், விடியற்காலையிலேயே மலையேறிவிடுவது நல்லது. ஈரப்படிகளில் முதியோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.